மண்கும்பான் வளவுகள் யார் கைக்குச் செல்லும்?

பிரான்சு நாட்டிலே வாழும் தீவகத் தமிழர் சிலர் பிறந்த மண்ணிலே பழைய கல்வீடு ஒன்றை வாங்கிப் புதுக்கி, தாம் வராத மாதங்களில் உல்லாசப் பயணிகட்கு வாடகைக்கு விடலாம் என்று எண்ணத் தலைப்பட்டுள்ளனர். இவ்வெண்ணத்தை நாம் வரவேற்கிறோம். பண்ணைத் தாம்போதியைக் கடந்து குறிகட்டுவானுக்குச் செல்லும் வீதி மண்கும்பானூடாகவே செல்கிறது. நயினாதீவுக்குப் போகும் அடியார்களும் சாட்டிக் கடற்கரைக்கு வருவோரும் அவ்வழியே வந்தாக வேண்டும். 2019 ஆம் ஆண்டு அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. எனவே தங்குவதற்கு ஆள் வருமா என்பதன்று வினா. அவ்வீடும் வளவும் இறுதியில் எவர் கையில் நிற்கும் என்பதே வினா.

1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவக மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினர். அன்று ஓடியவர்களின் பிள்ளைகள் இன்று பாரிஸ், இலண்டன், தொரன்தோ எனப் பல நகரங்களிற் சிதறியுள்ளனர். பேரன் பெயரில் இருந்த முதுசக் காணி ஐந்து பிள்ளைகட்கும், அவர்தம் பிள்ளைகட்குமாகப் பிரிந்து, பத்துப் பரப்பு வளவுக்குப் பதினெட்டுப் பங்காளர் என்ற நிலை தோன்றியுள்ளது. அவர்களுள் ஒருவர் மட்டும் கையொப்பமிட்டு முழு வளவையும் விற்றதாக உறுதி முடித்தால், வாங்கியவருக்குக் கிடைப்பது அவ்வொருவரின் பங்கு மட்டுமே. மிகுதிக்கு அவர் கொடுத்த பணம் வழக்குச் செலவுக்கு முற்பணம் ஆகும்!

தேசவழமை இவ்விடத்தே நமக்குத் துணை நிற்கிறது. ஒல்லாந்தர் காலத்திலே கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவையினால் தொகுக்கப்பெற்று, 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்கு விதியால் ஆங்கிலேயர் உறுதிப்படுத்திய சட்டம் அது. பங்காளர்க்கும் உரித்தாளர்க்கும் முதலில் அறிவித்து, அவர்கள் வாங்காதவிடத்தே அயலாருக்கு விற்க வேண்டும் என்ற முற்கொள்வனவு உரிமையை 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் இன்றும் காத்து நிற்கிறது. இதனைப் பழங்காலத்துத் தொல்லை என்று பழிக்கும் படித்தவர்கள் நம்மிடையே உளர். அவர்கள் வாழும் பிரான்சிலேயே நாட்டுப்புறத்துக் காணி விற்பனைக்கு வரின், நொத்தாரிசு 'சாஃபர்' என்ற நிறுவனத்துக்கு அறிவித்தாக வேண்டும். கமக்காரன் நிலம் கமக்காரனிடமே தங்கும்பொருட்டு அந்நிறுவனம் தானே முந்தி வாங்கலாம். 1960 இல் எழுந்த ஏற்பாடு அது. நம் முன்னோர் குடும்பத்துக்காகச் செய்ததை அந்நாடு கமத்துக்காகச் செய்தது; அவ்வளவே வேறுபாடு.

இன்னொரு தடையும் உண்டு. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிக் கைமாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பிரெஞ்சுக் குடியுரிமை மட்டுமே உடையவர், தமிழராயினும், இங்கே காணி வாங்க இயலாது. இரட்டைக் குடியுரிமை பெற்றவர்க்கு அத்தடை இல்லை. மரபுரிமையாக வரும் காணிக்கும் தடையில்லை. 99 ஆண்டு வரை குத்தகைக்கு எடுக்கவும் வழியுண்டு. இவற்றை விடுத்து, ஊரிலுள்ள மைத்துனர் பெயரில் உறுதி முடித்துவிட்டு நிம்மதியாக உறங்குவோரை நாம் கண்டிருக்கிறோம். மைத்துனர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் காலமான பின் அவர் பிள்ளைகள் எவ்வாறிருப்பர் என்று எவர் சொல்ல வல்லார்? சட்டம் தடுத்ததைப் பிறர் பெயரால் செய்தவர் நீதிமன்றத்திலே பரிகாரம் கேட்பது எளிதன்று.

ஆயின், ஒன்றும் செய்யாது வாளாவிருப்பதும் ஆபத்தே. 2025 மார்ச் 28 ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், வட மாகாணத்தில் 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துள் உரிமை கோராவிடின் அவை அரச காணியாகும் என்றது. உறுதியை இடப்பெயர்விலே தொலைத்தவனும் கடல் கடந்திருப்பவனும் மூன்று மாதத்தில் என் செய்வர்? உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசும் அறிவித்தலை மீளப்பெற்றது. அபாயம் அன்று விலகியது என்பதே நாம் சொல்லக்கூடியது. ஆளில்லா வளவும் தெளிவில்லா உறுதியும் எவர்க்கும் இலகுவான இரை.

ஆகவே வீடு திருத்தப்படட்டும், விளக்கெரியட்டும். எனினும் முறை எது? பிரான்சிலே 1951 இல் தொடங்கிய 'ஜீட்' என்ற நாட்டுப்புற விடுதி முறையை நோக்குக. இடியும் நிலையிலிருந்த பழைய மனைகளைக் கமக்காரரே திருத்தி விருந்தினர்க்கு விட்டு, கமத்தோடு துணை வருவாயும் பெற்றனர். நகரத்தான் வந்து தங்கினான். நிலம் கமக்காரனிடம் நின்றது. மண்கும்பானுக்கும் இதுவே உகந்தது. வெளிநாட்டிலிருப்பவர் பணம் இடட்டும். ஊரிலிருக்கும் பங்காளர் வீட்டை நடத்தட்டும். வருவாயிலே யார்க்கு எத்துணை என்பது நொத்தாரிசு முன் எழுத்தில் இருக்கட்டும். பங்கை விற்கும் எண்ணமுடைய கமக்காரரும் விற்குமுன் குத்தகையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாது விடுதல் தவறு. அங்கே மணலடியில் தங்கும் மழைநீரே நன்னீர். அதன் கீழ் உப்புநீர். நீந்து குளமும் மின்பம்பியும் வைத்து இறைத்தால் விடுதிக் கிணறு மட்டுமன்று, அடுத்த தோட்டத்துக் கிணறும் உவராகும். மணலை அகழ்ந்து விற்பதாலும் அதே கேடு விளையும். கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டடம் எழுப்ப, 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டப்படி அனுமதி வேண்டும். அனுமதி வழங்குவோர் கட்டடப் படத்தை மட்டும் பாராது, நாளொன்றுக்கு எத்தனை கலன் நீர் இறைக்கப்படும் என்றும் கேட்க வேண்டும். வேலணைப் பிரதேச சபை இதனைத் தன் நிபந்தனையாக்குமா? சபை உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.