வயரை மறைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை



திருவிழா நேரத்துல கோயில்ல விளக்கு, ஒலிபெருக்கி, விசிறி எல்லாத்துக்கும் வயர் இழுக்கிற தொண்டூழியர் குழு நாங்க. வழக்கமா இங்க நாங்க போடுறது அன்னதான நேரம், பால்குட வரிசை, வண்டி நிறுத்துற இடம், இதெல்லாம்தான். இன்னைக்கு ஒரு வீட்டு விஷயம். கொஞ்சம் நீளம், பொறுமையாப் படிங்க.

அன்னதானத்துல சாப்பிட உட்காரும்போது பக்தர்கள் எங்ககிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "தம்பி, வீட்ல ஆபிஸ் மேசை போட்டிருக்கோம், கீழே ஒரே வயராக் கிடக்கு. வர்றவங்க பார்த்தா அசிங்கமா இருக்கு. எப்படி மறைக்கிறது?"

கேள்வி நியாயமானதுதான். 2020 ஏப்ரல் 7லிருந்து ஜூன் 1 வரைக்கும் நாம எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தப்போ, 'சர்க்கிட் பிரேக்கர்'ங்கிற சொல் தாத்தா பாட்டி வாயில கூட வந்துச்சு. (நம்ம வீட்டுப் பெட்டிக்குள்ள இருக்கிற நிஜ சர்க்கிட் பிரேக்கரை அப்போ எத்தனை பேர் திறந்து பார்த்தோம்னு தெரியலை!) அன்னைக்குத் தற்காலிகமா ஹால் ஓரத்துல போட்ட மேசை இன்னும் அங்கேயேதான் இருக்கு. 2024 டிசம்பர் 1லிருந்து நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு விண்ணப்பிக்க முறையான வழிகாட்டியும் வந்தாச்சு. மேசை நிரந்தரம் ஆயிடுச்சு. அதுக்கு வர்ற மின்சாரம் மட்டும் இன்னும் தற்காலிகம்தான்: சுவர்ல இருந்து ஒரு எக்ஸ்டென்ஷன், அதோட வால்ல இன்னொரு எக்ஸ்டென்ஷன்.

எங்க கருத்தை நேரடியாவே சொல்லிடுறோம். வயரை மறைக்கிறது வேற, ஒழுங்கு பண்றது வேற. நிறைய வீடுகள்ல மறைக்கிறது மட்டும்தான் நடக்குது. பெட்டி வாங்கி, எல்லாத்தையும் உள்ளே திணிச்சு, மூடியைப் போட்டு, மேல ஒரு செடித்தொட்டியை வெச்சா முடிஞ்சுது. அசிங்கம் போச்சு, ஆபத்து உள்ளேயே இருக்கு. வெளியே கிடந்தப்போ ஒரு பிளக் சூடானா, இளகினா, கருகினா கண்ணுக்காவது தெரிஞ்சிருக்கும். இப்போ அதுவும் தெரியாது.

இந்தப் பழக்கத்துல பாதி, நாம பார்க்கிற வீடியோவுல இருந்து வருது. அமெரிக்காவுல ஒருத்தர் சுவர்ல மேல ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை போட்டு, வயரை உள்ளே விட்டு எடுக்கிறார். அவங்க சுவர் உள்ளே கூடா இருக்கிற பலகைச் சுவர். நம்ம வீவக வீட்டுச் சுவர் கான்கிரீட் இல்லைன்னா செங்கல். அதுல அப்படியெல்லாம் விட முடியாது. நமக்கு ஏத்தது சுவர் மேலேயே ஓடுற டிரங்கிங்தான். அதோட அவங்க பிளக் சின்னது, மெலிசு. நம்மது மூணு முள் வெச்ச குண்டு பிளக். அந்த வீடியோவைப் பார்த்து வாங்குற அழகான பெட்டிக்குள்ள நம்ம பிளக் நாலைப் போட்டா மூடி சாத்தாது, வயரை மடக்கி அழுத்தித்தான் சாத்தணும். கழுத்துல மடங்கின வயர் உள்ளுக்குள்ள நாளாவட்டத்துல முறியும். அங்கதான் சூடு கிளம்பும்.

இன்னொண்ணு, நம்ம ஊர் வெக்கையும் ஈரமும். ஒட்டுற கொக்கி ரெண்டு மாசத்துல பெயிண்டோட சேர்ந்து உரிஞ்சு விழும். இருட்டா, வெதுவெதுப்பா ஒரு பெட்டி இருந்தா கரப்பான் குடி வந்துடும், அதைத் தேடிப் பல்லியும் வரும். கோயில்ல பழைய சுவிட்ச் பெட்டிகளைத் திறக்கிறப்போ என்னென்ன கிடக்கும்னு எங்களுக்குத் தெரியும், இங்க எழுத வேண்டாம்.

சரி, மூணு முள் பிளக்குக்கு வருவோம், ஏன்னா நிறைய பேருக்கு அதோட அருமை தெரியறதில்லை. மேல இருக்கிற முள் மத்த ரெண்டையும் விட நீளம். அது முதல்ல உள்ளே போய்த்தான் மத்த ரெண்டு ஓட்டையோட மூடியைத் திறக்குது. குழந்தை விரலோ கம்பியோ உள்ளே போகாம இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பிளக்குக்கு உள்ளே ஒரு ஃபியூஸும் இருக்கு. சாக்கெட்டுக்குப் போற லைனோட பிரேக்கர் 20 ஆம்பியரா இருக்கும், இல்லைன்னா 32. லேப்டாப்போட மெல்லிசு வயருக்கு அது ரொம்பப் பெருசு. அந்த வயரைக் காப்பாத்துறது பிளக்குல இருக்கிற 3 ஆம்பியர், 5 ஆம்பியர் ஃபியூஸ்தான்.

இதெல்லாம் இருக்க, நாம என்ன பண்றோம்? இணையத்துல மலிவா வாங்கின மேசை விளக்கு ரெண்டு முள்ளோட வருது. பேனா மூடியையோ சாப்ஸ்டிக்கையோ மேல் ஓட்டையில குத்தி, மூடியைத் திறந்து, ரெண்டு முள்ளை அழுத்திச் சொருகுறோம். எத்தனை வீட்ல பார்த்திருக்கோம்! கணக்கே இல்லை. அந்த முள் நம்ம சாக்கெட்டுக்கு அளவானது இல்லை, பிடிப்பு தளர்வா இருக்கும். தளர்வா இருக்கிற இடத்துல பொறி பறக்கும். ஃபியூஸும் கிடையாது. எக்ஸ்டென்ஷன், அடாப்டர் வாங்குறப்போ நம்ம ஊர்ப் பாதுகாப்பு முத்திரை இருக்கான்னு திருப்பிப் பார்த்து வாங்குங்க. ரெண்டு வெள்ளி மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை லா.

"ஒரே எக்ஸ்டென்ஷன்ல ஆறு போட்டிருக்கேன், ஆபத்தா?"ன்னு கேட்கிறவங்களுக்கு எங்க பதில் சில பேருக்கு ஆச்சரியமா இருக்கும். எத்தனை போட்டீங்கங்கிறதை விட எதைப் போட்டீங்கங்கிறதுதான் முக்கியம். நம்ம மின்சாரம் 230 வோல்ட், எக்ஸ்டென்ஷன் பிளக்குல ஃபியூஸ் 13 ஆம்பியர். பெருக்கினா கிட்டத்தட்ட 3,000 வாட். லேப்டாப் 65 வாட், திரை ஒரு 30, வைஃபை மோடம் ஒரு 15, மேசை விளக்கு 10. எல்லாம் சேர்ந்தா 150 வாட் கூட வராது. ஆபிஸ் சாமான் மட்டும் இருந்தா பயப்பட ஒண்ணுமில்லை. ஆனா அந்த மேசை ஹால்ல இருக்கு. மதியம் யாரோ காப்பிக்கு வெந்நீர்க் கெண்டியை அதுலயே சொருகுவாங்க, அது 2,000 வாட். இன்னொருத்தர் அப்பவே சட்டை தேய்க்க அயர்ன் பாக்ஸைப் போடுவார், அதுவும் அந்தளவுதான். எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குள்ள மறைஞ்சு இருந்தா அதுல ஏற்கனவே என்னென்ன ஓடுதுன்னு யாருக்குத் தெரியும்? அதனால சூடு பண்ற சாமான், குளிர் பண்ற சாமான் எதுவா இருந்தாலும் நேரா சுவர் சாக்கெட்டுக்குத்தான் போகணும். எக்ஸ்டென்ஷனோட வால்ல எக்ஸ்டென்ஷன் கூடவே கூடாது. இதுல எங்ககிட்ட விட்டுக்கொடுத்தல் கிடையாது.

இப்போ நம்ம வீடுகளுக்கே உரிய விஷயம். சாமி மேடையும் ஆபிஸ் மேசையும் ஒரே சுவர்ல பக்கத்துல பக்கத்துல இருக்கிற வீடுகள் நிறைய. இடம் அவ்வளவுதான், என்ன பண்றது. சாமி படத்தைச் சுத்தி ஓடுற சீரியல் விளக்கு, சின்ன மின்விளக்கு, மந்திரப் பெட்டி எல்லாம் மேசைக்கு வர்ற அதே எக்ஸ்டென்ஷன்ல. ராத்திரி பகலா எரியுது. மேல எண்ணெய் விளக்கு, கற்பூரத் தட்டு, ஊதுபத்திச் சாம்பல். கீழே சொட்டுற எண்ணெய் வழிஞ்சு எங்க போகுதுன்னு ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. அதோட தூசி சேர்ந்து பிளக் மேல பிசுபிசுன்னு படியும். சாமி மேடைக்குத் தனி சாக்கெட் வைங்க, ராத்திரி படுக்கிறப்போ மின்விளக்கை அணைச்சுடுங்க. சீரியல் விளக்கு அணைஞ்சா சாமி கோவிச்சுக்காது. துணித் திரைக்குப் பின்னாடி எக்ஸ்டென்ஷனை மறைச்சு வைக்கிறதை உடனே நிறுத்துங்க.

ஒழுங்கு பண்றது எப்படின்னா, ஒரு சனிக்கிழமை காலையில ஒரு மணி நேரம் போதும். முதல்ல சுவர்ல அணைச்சு, எல்லாத்தையும் கழட்டித் தரையில பரப்புங்க. எது எதோடதுன்னு தெரியாத வயர் கண்டிப்பா நாலஞ்சு வரும். இப்போ வீட்ல இல்லாத போனோட சார்ஜர், எப்பவோ மாத்தின மோடத்தோட அடாப்டர். அதுங்களைத் திரும்ப சொருகாதீங்க. பாதிக் குப்பை அங்கேயே குறைஞ்சுடும். பழைய மோடம், பழைய கைப்பேசியையும் சேர்த்து வெச்சிருந்தா மின்கழிவுத் தொட்டியில போடுங்க, 2021 ஜூலையில அந்தத் திட்டம் ஆரம்பிச்சதிலிருந்து பல இடத்துல தொட்டி இருக்கு.

மிச்சம் இருக்கிறதுல ஒவ்வொரு பிளக்குலயும் பேப்பர் டேப் ஒட்டிப் பேனாவுல பேர் எழுதுங்க: திரை, மோடம், லேப்டாப். பார்க்க அழகா இருக்காதுதான், ஆனா எதையாவது அவசரமாப் பிடுங்கணும்னா அதுதான் உதவும். எக்ஸ்டென்ஷனை மேசைப் பலகையோட அடியில திருகாணி போட்டு மாட்டுங்க, இல்லைன்னா மேசைக்கு அடியில தொங்குற கம்பித் தட்டு கிடைக்குது, அதுல வைங்க. தரையில இருந்து மேல வந்துட்டாலே கூட்டுறப்போ துடைப்பம் படாது, மாப் தண்ணி ஏறாது, பேரப்பிள்ளை கையும் எட்டாது. கம்பித் தட்டுன்னா காத்தும் போகும், எட்டிப் பார்த்தா கண்ணுக்கும் தெரியும். மூடின பெட்டியை விட அதுதான் எங்களுக்குப் பிடிச்சது. மறைக்கணும்னா வயரை மறைங்க, பிளக்கை மறைக்காதீங்க. அடாப்டரை மூட்டை கட்டாதீங்க.

நீளமான வயரைக் கட்டுறதுக்கு ஒட்டி உரியுற துணிப்பட்டைதான் நல்லது. பிளாஸ்டிக் டையை இறுக்கி இழுத்துட்டு, அப்புறம் கத்தரிக்கோலால வெட்டறப்போ வயர் தோலையும் சேர்த்து வெட்டினவங்க உண்டு. இறுக்கமாச் சுருட்டவும் வேண்டாம், தளர்வா எட்டு மாதிரி மடிச்சு விடுங்க. கோயில்ல உருளை வயரை நாங்க எப்பவும் முழுசா அவிழ்த்துட்டுத்தான் மின்சாரம் குடுப்போம், கொஞ்ச நீளம்தான் தேவைன்னாலும். சுருண்டு கிடக்கிற வயர்ல அதிக மின்சாரம் ஓடினா சூடு வெளியே போக வழி இல்லாம உள்ளேயே உருகும்.

கம்பளத்துக்கு அடியில வயரை விடாதீங்க. மிதி பட்டுப் பட்டுத் தோல் கிழியும், தெரியவும் தெரியாது. நடக்கிற வழியில வயர் குறுக்கே போகுதுன்னா மேசையை நகர்த்துறதுதான் சரி. விடியக்காலை விளக்கேத்த இருட்டுல எழுந்து வர்றது உங்க அம்மாவோ மாமியாரோதான். எழுபது வயசுல வயர் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சா அப்புறம் கோயில் படி ஏறுறது எவ்வளவு கஷ்டம்னு நம்ம சக்கர நாற்காலி வரிசையில நிக்கிறவங்களுக்குத் தெரியும். இதையும் சொல்லிடுறோம்: மேசையில உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்தான் இதைச் செய்யணும். வயரைச் சுத்திச் சுத்திக் கூட்டுறது அம்மா வேலை, வீடியோ பார்க்கிறது மகன் வேலைன்னு இருக்கக் கூடாது.

மோடத்தைக் கொண்டுபோய் பாம் ஷெல்டர்ல வெச்சு மறைக்கிறவங்களுக்கு ஒரு சேதி. அந்தக் கனமான சுவரையும் இரும்புக் கதவையும் தாண்டி வைஃபை ஒழுங்கா வராது. அப்புறம் 'லைன் சரியில்லை'ன்னு கம்பெனியைத் திட்டிப் புண்ணியமில்லை.

கடைசியா வீட்டு மின்பெட்டி. ஆர்சிசிபின்னு ஒரு சாதனம், மின்கசிவு வந்தா உடனே துண்டிக்கும். எரிசக்திச் சந்தை ஆணையம் 2023 ஜூலை 1லிருந்து எல்லா வீட்டுக்கும் அதைக் கட்டாயமாக்கி, மாட்டிக்க ரெண்டு வருஷம் அவகாசமும் குடுத்துச்சு. அந்த அவகாசமும் முடிஞ்சாச்சு. 1985 ஜூலைக்கு முன்னாடி கட்டின வீடுன்னா இல்லாமலே இருக்கலாம், போய்ப் பாருங்க. இருந்தா அதுல சோதனைப் பொத்தான் இருக்கும், லேப்டாப்பை அணைச்சுட்டு அழுத்துங்க. உடனே கீழே விழுந்தா நல்லது. விழலைன்னா உரிமம் பெற்ற மின்னியலாளரைக் கூப்பிடுங்க.

எங்களைக் கூப்பிட்டு அந்தப் பெட்டியைத் தொடச் சொல்லாதீங்க, எங்ககிட்ட உரிமம் இல்லை. மேசைக்கு அடியில இருக்கிறதைப் படம் பிடிச்சுக் கொண்டு வாங்க. ஞாயிறு காலைப் பூசை முடிஞ்சதும் காலணி வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல நிப்போம். எதை முதல்ல கழட்டணும்னு சொல்றோம். போன திருவிழாவுல மிச்சமான துணிப்பட்டை கொஞ்சம் இருக்கு, தேவைப்படுறவங்க எடுத்துக்கலாம், வீட்டுக்கு ரெண்டு.