சான்று சொன்ன பாடல்

1871-ஆம் ஆண்டில், சிதம்பரம் கோயில் உரிமை பற்றிய வழக்கொன்றில், தீட்சிதர்கள் திருப்புகழ்ப் பாடல் ஒன்றைச் சான்றாகக் காட்டினர். மறைநெறி வழுவாது மூவாயிரவர் தில்லையில் பூசனை புரிவதைக் கூறும் பாடல் அது. அப்போது கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் அலுவல் பார்த்துவந்த வ. த. சுப்பிரமணிய பிள்ளை அதன் அழகில் உள்ளம் பறிகொடுத்தார். பின்னர் ஊர் ஊராக ஏடு தேடி அவர் பதிப்பித்திராவிடில், அருணகிரிநாதரின் பாடல்களுள் எத்தனை செல்லுக்கு இரையாகியிருக்குமோ!

பாட்டும் சாட்சியாகும் என்பதை இதனால் அறிகிறோம். ஆயின் சாட்சியை முழுமையாகக் கேட்பதன்றோ முறை? அதே திருப்புகழில், சமணரைக் கழுவேற்றிய செயல் முருகனின் வெற்றியாகப் பல இடங்களில் போற்றப்படுகிறது. சம்பந்தராக வந்தவன் முருகனே என்பது கவிஞரின் கொள்கை. சம்பந்தரோ 7-ஆம் நூற்றாண்டினர். அருணகிரியார் 15-ஆம் நூற்றாண்டினர். சமணரைக் கடுமையாகச் சாடும் சம்பந்தர் தம் பதிகங்களில் கழுவைக் குறிப்பிடவில்லை. நம்பியாண்டார் நம்பியின் பாடல்களிலும், 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த பெரியபுராணத்திலுமே அச்செய்தியைக் காண்கிறோம். எனவே அவ்வரிகள் சான்று பகர்வது மதுரையில் நடந்ததற்கன்று; பிற்காலத்தார் எதை எண்ணி மகிழ்ந்தனர் என்பதற்கே. சந்தம் துள்ளி ஓடுகையில் சொல்லின் பொருள் பாடுவோர் செவியில் நிற்பதில்லை. ஆனால் செஞ்சிக்கு அருகே மேல்சித்தாமூரில் மடம் அமைத்து வாழும் தமிழ்ச் சமணர் செவியில் நிற்குமே!

நாவுக்கரசர் தருமசேனர் என்னும் பெயருடன் சமணர்க்குத் தலைவராயிருந்ததாகப் பெரியபுராணம் கூறும் பாடலிபுத்திரம், நம் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரே என்பர். பகையெனப் பாடப்பட்டோர் அயலாரல்லர், இம்மண்ணின் மக்களே.

பிறர் முற்றத்துத் தூசியை மட்டும் நாம் சுட்டலாகாது. பெரிய வெள்ளி வழிபாட்டில் யூதரை விசுவாசமற்றவர் எனக் குறித்த இலத்தீன் சொல்லை, நம் குருக்கள் பல நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்தனர். 1959-இல் பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் அச்சொல்லை நீக்கினார். அதனைக் கேட்டு வளர்ந்த நம் பெரியோருள் எத்தனை பேர் அதன் பொருளை வினவியிருப்பர்?

உரைநடைச் செபத்தில் ஒரு சொல்லை எடுத்துவிடலாம். திருப்புகழில் ஓரசையை எடுத்தாலும் தாளம் முறியும். திருத்துதல் இயலாது, பொருளறிந்து பாடலாம், அன்றி வேறொன்றைத் தேர்ந்து பாடலாம். கிடைத்துள்ளவை ஆயிரத்து முந்நூறுக்கும் மேல்.