பத்து செகண்ட் பயில்வான்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை முட்டத்திலிருந்து அக்கா போன் செய்தாள். "தம்பி, ஒன் மருமவன் வேலைய விடப் போறானாம். ஒடனே பொறப்பட்டு வா" என்றாள். எதற்கு விடுகிறான் என்று கேட்டேன். "சண்ட போடப் போறானாம்" என்றாள். யாரோடு என்று கேட்டதற்கு, "யாரு வந்தாலும் போடுவானாம்" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

பையனுக்கு இருபத்து நாலு வயசு. பி.காம். (என் யோசனை. அத்தான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.) நாகர்கோவிலில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் வேலை. சாயங்காலமானால் ஜிம். பவர்லிஃப்டிங்கில் மெடல் எல்லாம் வாங்கியிருக்கிறான். தரையில் கிடக்கும் 230 கிலோ இரும்பை நிமிர்த்தித் தூக்குவான். நானோ கேஸ் சிலிண்டர் மாற்றவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற ஆசாமி.

அத்தான் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருக்கிறார். 2017-ல் ஒக்கி வந்தபோது, அவர் சித்தப்பா மகன் போன படகு திரும்பவில்லை. அன்றைக்கே அக்கா, "எம் மவன் கடலுக்குப் போவமாட்டான்" என்று வீட்டில் தீர்மானம் நிறைவேற்றிவிட்டாள். அப்படி அலைக்குப் பயந்து நாற்காலியில் உட்காரவைத்த பிள்ளை, இப்போது கம்பிக் கூண்டுக்குள் போகிறேன் என்கிறான். பெங்களூரில் ஒரு வருஷப் பயிற்சி, தங்க, சாப்பிட எல்லாம் சேர்த்து மூன்று லட்சம். மாடி போடுவதற்காக அத்தான் பைசா பைசாவாக அனுப்பிய பணம்.

எம்.எம்.ஏ. என்றால் என்ன என்று அக்கா கேட்டாள். எம்.பி.ஏ. மாதிரி ஏதோ படிப்பு என்று முதலில் சந்தோஷப்பட்டிருக்கிறாள் பாவம். பாக்ஸிங், கராத்தே, குஸ்தி, ஜூடோ எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்ட அவியல் என்றேன். குத்தலாம், உதைக்கலாம், கீழே தள்ளி மேலே ஏறி உட்காரலாம், கழுத்தை நெரிக்கலாம். நெரிபடுகிறவன் கையால் தட்டினால் விட்டுவிட வேண்டும். ஐந்து நிமிஷ ரவுண்டு மூன்று. "தட்டலன்னா?" என்றாள். நான் காபி கேட்டேன்.

பையன் வாதம் கணக்குப் பாடம் மாதிரி இருந்தது. "மாமா, 230 கிலோ தூக்குகவனுக்கு 90 கிலோ ஆள் எம்மாத்திரம்?" கணக்கு சரிதான். அந்த 230 கிலோ நெளியாது, நழுவாது, மூக்கில் குத்தாது என்பது மட்டும் விட்டுப்போயிருந்தது. ஆரல்வாய்மொழி தாண்டினால் வடலிவிளையில் பொங்கலுக்கு நூறு கிலோவுக்கு மேல் இளவட்டக்கல் தூக்குகிறார்கள். கல்லுக்கு உள்ள ஒரே வேலை, சும்மா கிடப்பது.

செல்போனை எடுத்தேன். போலந்துக்காரர் மரியுஸ் புட்ஜியனோவ்ஸ்கி. (பேரைச் சொல்லி முடிக்கவே தனிப் பயிற்சி வேண்டும், அவர் ஊரிலேயே 'புட்ஜியான்' என்று சுருக்கிவிட்டார்கள்.) உலகின் மகா பலசாலி பட்டத்தை 2002, 2003, 2005, 2007, 2008 என்று ஐந்து தடவை வாங்கியவர். லாரி இழுப்பதும் பாறை தூக்குவதும் அவருக்கு ஆபீஸ் போகிற மாதிரி. 2009 டிசம்பரில் எம்.எம்.ஏ.வுக்கு வந்தார். முதல் சண்டை ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை, எதிராளி காலி. "பாத்தியளா!" என்று துள்ளினான் மருமகன்.

"பொறு மக்கா" என்று 2010 மே மாதத்துச் சண்டையைப் போட்டேன். எதிரே டிம் சில்வியா. முன்னாள் யு.எஃப்.சி. ஹெவிவெயிட் சாம்பியன், அப்போது தொப்பையும் தொந்தியுமாக, மெடிக்கல் லீவில் வந்த ஹெட்கிளார்க் மாதிரி இருந்தார். நம் ஆள் உடம்போ செதுக்கி வைத்த சிலை. முதல் ரவுண்டு முடிவதற்குள்ளேயே சிலைக்கு மூச்சு வாங்கியது. இரண்டாவது ரவுண்டில் ஹெட்கிளார்க் மேலே உட்கார்ந்து குத்த, உலகின் மகா பலசாலி தரையைத் தட்டிவிட்டார்.

ஏன் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் சொன்னேன். உடம்பில் மூன்று விதமாகப் பணம் இருக்கிறது. ஒன்று சட்டைப்பை ரொக்கம்: முழு பலத்தில் ஒரு பத்து செகண்ட் ஓடும். பவர்லிஃப்டிங் முழுக்க அந்தப் பத்து செகண்டில் முடிகிற வியாபாரம். அது தீர்ந்தால் கந்துவட்டிக் கடன். ஒன்றிரண்டு நிமிஷம் சமாளிக்கலாம், ஆனால் கையும் காலும் ஈயமாகக் கனக்கும். அதற்கப்புறம் மாதச் சம்பளம், அதாவது மூச்சு. மெதுவாகத்தான் வரும்; ஆனால் வந்துகொண்டே இருக்கும். பெரிய உடம்பு என்பது பெரிய குடும்பம் மாதிரி. சம்பளத்துக்கு மேல் செலவு.

"அப்போ பலசாலி ஜெயிக்கவே முடியாதா?" என்றான், முகம் வாடி. அங்கேதான் நான் பொய் சொல்ல முடியவில்லை. புட்ஜியான் ஓடிவிடவில்லை. எடையைக் குறைத்தார், சின்ன வயசில் கற்ற கராத்தேயோடு நிற்காமல் குஸ்தியையும் பாக்ஸிங்கையும் முதல் வகுப்புப் பையன் மாதிரி உட்கார்ந்து படித்தார். பதினைந்து சண்டைக்கு மேல் ஜெயித்தார். 2022 மே மாதம் மெத்தேர்லா என்ற தேர்ந்த சண்டைக்காரரை ஒரே ரவுண்டில் சாய்த்தார். அதே வருஷம் டிசம்பரில், 84 கிலோ பிரிவில் சண்டை போட்டுப் பழகிய மமெத் காலிதோவ் வந்தார். தன்னைவிட அத்தனை கனமான ஆளை இரண்டு நிமிஷத்துக்குள் தட்ட வைத்துவிட்டுப் போனார். இருவரும் நாற்பதைத் தாண்டியவர்கள், அதனால் வயசைச் சாக்குச் சொல்லவும் வழியில்லை.

பையன் விடவில்லை. 2025 ஏப்ரலில் எட்டி ஹால், 500 கிலோ தூக்கிய இங்கிலாந்துக்காரர், அதே புட்ஜியானை முப்பது செகண்டில் வீழ்த்தினாரே என்றான். இரண்டு லாரி மோதினால் ஒரு லாரி ஜெயிக்கத்தானே செய்யும்?

அவன் அறைச் சுவரில் பிராக் லெஸ்னர் படம் ஒட்டியிருந்தது. பாடியைப் பார்க்காதே, பயோடேட்டாவைப் பார் என்றேன். 2008-ல் யு.எஃப்.சி. பட்டம் வாங்கினார், சரி. 2000-லேயே அமெரிக்கக் கல்லூரி குஸ்தியில் ஹெவிவெயிட் சாம்பியன். நம்ம பஞ்சாபி வம்சத்து அர்ஜன் புல்லர் 2021-ல் 'ஒன்' ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அவரும் 2010 டெல்லி காமன்வெல்த்தில் குஸ்தித் தங்கம் வாங்கியவர். முதலில் ஆளைப் பிடிக்கப் படித்தவர்கள், பலம் அதற்கு மேல் வட்டி.

ஒன்றும் ஏறவில்லை. சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். லைட்ஹவுஸ் பாறைகளை விட்டு விலகி, மணல் பக்கம் கரைமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையின் இரண்டு நுனிக் கயிறும் கரையில். பக்கத்துக்குப் பதினைந்து பேர். பெரும்பாலும் அறுபது வயசுக்காரர்கள். விலா எலும்பை எண்ணலாம். பையன் சட்டையைக் கழற்றிவிட்டுப் போய்க் கயிற்றைப் பிடித்தான். முதல் இழுப்பில் வரிசையே இரண்டடி பின்னால் வந்தது. கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கே பெருமையாக இருந்தது.

ஆறாவது நிமிஷம் (வாட்சைப் பார்த்தேன்) அவன் வாய் திறந்துகொண்டது. பத்தாவது நிமிஷம் கயிறு அவனைப் பிடித்துக்கொண்டிருந்தது. பீடியைக் காதில் செருகியிருந்த ஒரு பெரியவர், "ஏன் மக்கா கையால இழுக்குக? கால ஊணி, சாஞ்சு நில்லு. பாட்டோட மூச்ச விடு. மடி ஏற இன்னும் ஒரு மணிக்கூறு கெடக்கு" என்றார். அந்த ஒரு மணிக்கூறு அவருக்கு வேர்க்கக்கூட இல்லை.

ராத்திரி பையன் சோற்றைப் பிசைந்துகொண்டே, பக்கத்து ஊரில் அடிமுறை சொல்லித்தரும் ஆசானிடம் ஏற்கெனவே போய்க் கேட்டதாக ஒப்புக்கொண்டான். "பலத்த மறக்க ஆறு மாசம், அப்பறம் சுவடு வைக்க ஒரு வருஷம்" என்றாராம். அது அவமானமாக இருந்ததால்தான் பெங்களூர். இங்கே பேரம் பேசினேன். வேலையை விடாதே. ஆறு மாசம் காலையில் ஆசான், சாயங்காலம் ஓட்டம். பிறகு ஏதாவது ஒரு அமெச்சூர் போட்டியில் மூன்று ரவுண்டு நின்று காட்டு. ஜெயிக்கக்கூட வேண்டாம், நில். நின்றால் அத்தானிடம் நானே பேசுகிறேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், அந்த மூன்று ரவுண்டை நான் முதலில் அங்கேயே ஆட வேண்டியிருக்கும் என்று தோன்றியது.

நேற்று போன் செய்தாள். "கடலுக்குப் போவாதேன்னு வளத்த புள்ளைய கரைமடி இழுக்க விட்டுட்டியே, பாவி" என்று ஆரம்பித்தாள். ஞாயிறுதோறும் போகிறானாம். இந்த வாரம் முக்கால் மணி நேரம் நின்றானாம். பங்காக ஒரு பை நெத்தோலி கொடுத்திருக்கிறார்கள். "வறுத்து வச்சிருக்கேன். வந்து தின்னுட்டுப் போ" என்று சொல்லி, நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.