புகைக்கு இல்லாத பயம் போனுக்கு மட்டும் ஏன்?

போனைத் தலைமாட்டில் வைக்காதே, கர்ப்பப்பைக்கு ஆகாது. வயிற்றுப் பிள்ளைக்கு மூளை வளராது. வயசுப் பெண்ணுக்கு எதற்கு அந்தக் கதிர்வீச்சு? ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தத் தெருவிலும் இந்த உபதேசம் ஏதாவது ஒரு பெண்ணின் காதில் ஓதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. நான் திருவொற்றியூர்க்காரி, இயற்பியல் படித்தவள். இது பொய் என்று சொல்வதோடு, இந்தப் பொய் யாருக்கு உதவுகிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் பொய்யின் ஊர் பேரைப் பார்ப்போம். இரண்டு போன்களுக்கு நடுவே வைத்த முட்டை வெந்துபோன கதை, 2000-இல் பிரிட்டனில் ஒருவர் தன் இணையதளத்தில் வேடிக்கைக்காக எழுதியது. போன்களை வட்டமாக வைத்துச் சோளம் பொரித்த 2008-ஆம் ஆண்டு வீடியோ, ப்ளூடூத் ஹெட்செட் விற்கும் கார்டோ நிறுவனத்தின் விளம்பரம். அதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. நள்ளிரவில் செவ்வாய்க் கிரகத்திலிருந்து கதிர் வருகிறது, போனை அணையுங்கள் என்ற செய்தியை நாசாவும் சொல்லவில்லை, பிபிசியும் சொல்லவில்லை. 2020 அக்டோபரில் ராஷ்ட்ரிய காமதேனு ஆயோக்கின் தலைவர் வல்லபாய் கதீரியா மாட்டுச் சாணத்தில் செய்த ஒரு வில்லையைக் காட்டி, இது போனின் கதிர்வீச்சைக் குறைக்கும் என்றார். நூற்றுக்கணக்கான அறிவியலாளர்கள் ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். பயத்தை முதலில் விற்றால் வில்லையைப் பிறகு விற்கலாம்.

அறிவியல் இவ்வளவுதான். எக்ஸ்ரே போன்ற கதிர்களுக்கு உடலின் மூலக்கூறுகளை உடைக்கும் ஆற்றல் உண்டு. போன் அனுப்புவது ரேடியோ அலை. அதற்கு அந்த ஆற்றல் கிடையாது. நாம் தினமும் பார்க்கும் வெளிச்சத்தைவிட வலு குறைந்தது. அதிகம் போனால் லேசாகச் சூடாக்கும். சோளம் பொரிய மைக்ரோவேவ் அடுப்பு 700, 800 வாட்டை ஓர் உலோகப் பெட்டிக்குள் அடைத்து வைக்கிறது. 4ஜி போன் அனுப்புவது அதிகபட்சம் 0.2 வாட் அளவுதான். செல்போன் கோபுரங்களுக்கு 2012 செப்டம்பரில் இந்தியாவில் கொண்டுவரப்பட்ட உச்சவரம்பு, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காக இருந்தது. கோபுரம் தூரமாகப் போனால் நம் கையிலிருக்கும் போன்தான் கூடுதல் சக்தியோடு அலையை அனுப்ப வேண்டிவரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

"உலக சுகாதார நிறுவனமே புற்றுநோய் வரலாம் என்று சொல்லியிருக்கிறதே?" என்பார்கள். அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் ரேடியோ அலைகளை 2பி பிரிவில் வைத்தது உண்மை. ஆதாரம் குறைவு, ஆனால் முற்றாகத் தள்ளிவிட முடியவில்லை என்பது அதன் பொருள். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. 1994 முதல் 2022 வரை வெளிவந்த 63 ஆய்வுகளை அலசிய மறுஆய்வு ஒன்று, உலக சுகாதார நிறுவனம் கேட்டு நடத்தப்பட்டு 2024-இல் வெளியானது. போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை என்றது அது. பத்து வருடத்துக்கு மேல் போன் பேசியவர்களிடமும் காணவில்லை.

இதே முகமை 2013-இல் இன்னொரு முடிவையும் சொன்னது. வெளிக்காற்று மாசு முதல் பிரிவு. அதாவது புற்றுநோய் வரவழைக்கும் என்று நிரூபணமானது. எந்தக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலாவது இது வந்து பார்த்திருக்கிறீர்களா?

நாம் மூச்சு விடுவது அந்தக் காற்றில்தான். துறைமுகத்து நிலக்கரித் தூள் ராயபுரத்து வீடுகளில் படிந்ததற்கு 2011-இல் உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் முகத்துவாரம் வரை பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில், கோரமண்டல் ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடிவந்தார்கள். கர்ப்பிணிகள் இந்தக் காற்றைச் சுவாசிக்கக் கூடாது என்று ஒரு ஃபார்வர்டும் வருவதில்லை. ஆலையை அணைக்கச் சொல்ல நம் வீட்டு ஆண்களுக்கு அதிகாரம் இல்லை. பெண்ணின் போனை அணைக்கச் சொல்ல இருக்கிறது.

எங்கள் தெருவில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியிடம், "குழந்தைக்கு ஆகாதும்மா" என்று சொல்லிப் போனை வாங்கி பீரோவில் வைத்தார் மாமியார். அம்மாவிடம் பேச வேண்டுமென்றால் கணவன் வேலை முடிந்து வந்தபிறகு, அவன் போனில், அவன் எதிரில் பேச வேண்டும். கதிர்வீச்சுதான் கவலை என்றால் அவன் போனிலிருந்தும் அதே அலைதானே வரும்? நாள் முழுக்க பேன்ட் பையில் போன் வைத்துத் திரியும் ஆணின் ஆண்மைக்கு ஆபத்து என்றும் வதந்தி உண்டு. அதற்காக யார் அவனிடமிருந்து போனைப் பிடுங்கினார்கள்?

குஜராத்தின் பனாஸ்காந்தா மாவட்டத்தில் 2019-இல் 12 கிராமங்களின் தாக்கோர் சமூகப் பெரியவர்கள், திருமணமாகாத பெண்கள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அவர்கள் அறிவியல் எதையும் துணைக்கு அழைக்கவில்லை. நம் வீடுகளில் அதே தீர்மானத்துக்கு டாக்டர் கோட்டு மாட்டியிருக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் தாங்களே பயன்படுத்தும் போன் உள்ள பெண்கள் 54 சதவீதம்தான். மீதிப் பெண்கள் யார் போனில், யார் எதிரில் பேசுகிறார்கள்?

"முன்ஜாக்கிரதை நல்லதுதானே?" என்று கேட்கிற தோழிகளுக்கு: நல்லதுதான், நிரூபணமான விஷத்திலிருந்து தொடங்குங்கள். போனால் பெண்ணுக்கு ஆபத்தே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. மார்ஃபிங் படம், மிரட்டல், பின்தொடரல், கெட்டுப்போகும் தூக்கம் எல்லாம் நிஜம். அவற்றுக்குத் தீர்வு புகாரும் சட்டமும் துணைக்கு நிற்கும் தோழிகளும். போனைப் பூட்டி வைத்தால் புகார் சொல்லும் வழியும் சேர்ந்து பூட்டப்படுகிறது. வாயு கசியும் நள்ளிரவில் ஆம்புலன்ஸைக் கூப்பிட, பக்கத்துக் குப்பத்தை எழுப்ப, ஆற்றில் மிதக்கும் எண்ணெயைப் படமெடுத்து உலகத்துக்குக் காட்ட அந்தப் போன்தான் வேண்டும்.

அடுத்த ஃபார்வர்ட் வரும்போது யார் சொன்னது, எப்போது, எந்த ஆய்வு என்று அதே குழுவில் கேளுங்கள். பதில் வராது. பிறகு அங்கேயே நம் ஊர்க் காற்றைப் பற்றி எழுதுங்கள். உங்கள் பெயரோடு, உங்கள் போனிலிருந்து.