மூளைப் படமும் ஜாதகக் கட்டமும்

மனம் நொந்தவனுக்கு ஜாதகம் பார்ப்பது மடமை என்கிறோம். அவ்வாறாயின், "உமக்கு எம்மருந்து பலிக்குமென மூளைப் படமே உரைக்கும்" எனக் காசு பறிப்போரை நம்புவது அறிவுடைமையோ?

1997-இல் ஹெலன் மேபெர்க் குழுவினர் மனச்சோர்வுற்றோரை ஆராய்ந்தனர். மூளையின் முன்புறத்து ஒரு பகுதி சர்க்கரையை மிகுதியாகச் செலவிட்டோருக்கே மருந்து பலித்ததெனக் கண்டனர். அரிய ஆராய்ச்சியே! ஆயினும், கூட்டத்தின் சராசரி தனியொருவனின் தலையெழுத்தாகாது. மனநோய் மருத்துவத்தில் நடைமுறைக்குப் பயன்படும் மூளைப்பட அடையாளம் இன்னும் இல்லையென்று 2012-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் அறிக்கையும் கூறிற்று.

ஆராய்ச்சி வளர்க, அதன் பெயரால் நடக்கும் வியாபாரம் ஒழிக! மருந்து கொடுத்து, சில வாரம் கவனித்து, பலிக்காவிடில் மாற்றியளிக்கும் வைத்தியரை நாடுவீர். ஜாதகத்தைக் கிழித்த கையால் படத்தைக் கும்பிடாதீர்!