கோபுரம் இல்லாத கோவிந்தன்

ஜெய்ப்பூர் செல்லும் நம்மவர் பலர், ஹவா மஹால் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அதைச் சாலையில் நின்றே பார்த்துவிடலாம். காலைப் பொழுதை கோவிந்த தேவ்ஜிக்கு ஒதுக்குங்கள்.

கோபுரத்தைத் தேட வேண்டாம். அரண்மனைத் தோட்டத்து மண்டபமே சந்நிதி. ஔரங்கசீப் காலத்தில் பிருந்தாவனத்தை நீங்கிய மூர்த்தி, பல இடங்களில் தங்கிய பின், 1727-இல் இந்நகரை நிறுவிய சவாய் ஜெய்சிங்கால் இங்கு எழுந்தருளச் செய்யப்பட்டார். நம்பெருமாளின் நெடும் பயணத்தை அறிந்த திருவரங்கத்து அன்பர்களுக்கு இது புதிதன்று.

நாளைக்கு ஏழு முறை தரிசனம். ஒவ்வொன்றும் ஒரு 'ஜாங்கி'. திரை விலகியதும் விசாலமான கூடத்தில் உள்ள அத்தனை பேரும் ஒருசேரச் சேவிக்கின்றனர். "நகருங்கள், நகருங்கள்" என்ற குரல் இல்லை. தள்ளாத வயதில் ஒரு கணம் கண்டு தள்ளப்படும் நமக்கு, அந்தச் சில நிமிடங்களே பெரும் பேறு. நம் ஆலயங்களிலும் இது இயலாதா?

அருகிலேயே ஜந்தர் மந்தர். அங்குள்ள பெரிய சூரியக் கடிகாரம் உள்ளூர் நேரத்தைக் காட்டுவதால் நம் கைக்கடிகாரத்துடன் ஒத்துப்போகாது. கணக்கு ஒவ்வாவிடில் வங்கிக்காரனுக்கு மனம் ஆறாது. வழிகாட்டியிடம் விளக்கம் கேட்டே நகர்ந்தேன். நண்பகலில் கோயில் நடை சாத்திவிடுவர். ஆகவே முதலில் கோவிந்தன், பிறகு நிழற்கடிகாரம்.