மாற்றமும் மனச்சாட்சியும்

மாற்றம் வேண்டுமென்று மேடையில் முழங்காத தலைவர் நம்மிடையே அரியர். ஆனால், மாற்றத்தைக் கொணர்ந்த பின்னும் சபை இரண்டாகாமற் காத்தவர் எத்தனை பேர்? வாசிகசாலையாயினும் பழைய மாணவர் சங்கமாயினும், புதிய நிருவாகிகள் ஒரே கூட்டத்தில் யாப்பை மாற்றுவதும், தோற்றவர்கள் மறுமாதமே வேறொரு சங்கம் அமைப்பதும் நாம் கண்டு சலித்த காட்சி. பெரும்பான்மை வாக்கு மாற்றத்துக்கு அனுமதி தரும். மனங்களை மாற்றித் தராது என்பது என் துணிபு.

இதற்கு மாறானதோர் எடுத்துக்காட்டு தென்னிந்தியத் திருச்சபை. மேல்நாட்டார் தம் பழம்பூசல்களால் வகுத்த பிரிவுகள் நமக்கு எதற்கு என்னும் வினாவை, 1919இல் தரங்கம்பாடியிற் கூடிய குருமார் எழுப்பினர். அவர்களுட் பெரும்பாலோர் இந்தியர். முன்னின்றவர் பேராயர் அசரியா. அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும் சென்னையில் ஒன்றானது 1947 செப்டெம்பர் 27இல். இடையே கழிந்தவை 28 ஆண்டுகள். அசரியாவோ 1945இலேயே மறைந்துவிட்டார்.

பேச்சு நீண்டமைக்குக் காரணம் உண்டு. அங்கிலிக்கருக்குப் பேராயர் இன்றியமையாதவர். ஐக்கிய சபையார் பலருக்கோ அப்பதவியே ஐயத்துக்குரியது. ஈற்றிற் கண்ட வழி இது: இனிக் குருத்துவம் பெறுவோர் பேராயரிடமே பெறுவர், முன்னரே குருவானோர் மீண்டும் அபிஷேகம் பெறவேண்டியதில்லை, மனச்சாட்சிக்கு ஒவ்வாத வழிபாட்டையோ குருவையோ எந்தச் சபைமீதும் சுமத்துவதில்லை. பழையவர் அவமதிப்புறாது தொடர்ந்தனர். புதியது அவர்கள் அருகே வளர்ந்தது. 1816இல் வந்த அமெரிக்க மிசன் வழியில், பேராயரின்றியே நூறாண்டுக்கு மேல் வாழ்ந்த யாழ்ப்பாணச் சபைகளும் இணைந்தன. சபாபதி குலேந்திரன் அவற்றின் முதற் பேராயரானார்.

எல்லாரும் இணங்கினர் என்பதற்கில்லை. நந்தியாலில் அங்கிலிக்கருள் ஒரு சாரார் அன்று விலகியே நின்றனர். பொறுமையைச் சாக்காக்கி மாற்றத்தை ஒத்திப்போடுவோர் உளர் என்பதையும் நான் மறுக்கேன். ஆயினும், அந்த 28 ஆண்டுகள் உறங்கிக் கழிந்தவையல்ல. மீண்டும் மீண்டும் கூடி, திட்டத்தைத் திருத்தித் திருத்தி அச்சிட்டு, மறுப்போருக்கு விடை தேடிய ஆண்டுகள். காலம் தாழ்த்துவது வேறு. காலம் கொடுப்பது வேறு.

நம் சங்கங்களின் தலைவர்களுக்கு ஒன்று கூறுவேன். வாக்கெடுப்பில் வென்றபின், அடுத்த கூட்டத்தில் தோற்றவர்களின் ஆசனங்களைப் பாருங்கள். அவை வெறுமையாயிருப்பின், நீங்கள் மாற்றியது யாப்பை மட்டுமே.